சிறு பிள்ளைக்குத் தடித்த உல்லன் போன்சோ பின்னுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன்சோ என்பது கைகளோ முன்திறப்போ இல்லாமல் தலைவழியே போட்டுக்கொள்ளும் மேலாடை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டு மக்கள் குளிருக்கும் காற்றுக்கும் அணிந்துவந்த அந்த உடை, இன்று பின்னல் ஊசி பிடிக்கத் தெரிந்த எவரும் பிள்ளைக்குச் செய்து தரக்கூடியதாக இருக்கிறது. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கங்களில் உல்லன் பின்னக் கற்றுவருகிறவர்களும், பேரப்பிள்ளைக்கு முதன்முதலாக ஒன்றைச் செய்து கொடுக்க விரும்பும் ஆச்சிமார்களும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். அளவுகள் எல்லாம் 2 முதல் 7 வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை.

நெல்லை வெயிலுக்கு உல்லன் போன்சோ எதற்கு?

ஊருக்குள் அணிவதற்கு அன்று. மார்கழியிலும் நம் நகரத்தின் இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனால் பிள்ளைகள் ஊருக்குள்ளேயே இருப்பதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றும் குற்றாலத்துச் சாரலும் சிறு உடம்பை நடுங்க வைத்துவிடும். அருவியில் நனைந்துவிட்டு ஈரத்தலையோடு நிற்கிற பிள்ளையைத் துவட்டியவுடன் எதையாவது போர்த்தத்தான் எல்லாத் தாய்மாரும் தேடுகிறார்கள். மாஞ்சோலை, ஊத்து போன்ற மலையூர்களில் மாலை மயங்கியதும் குளிர் இறங்கும். கொடைக்கானல், ஊட்டிப் பயணங்களைச் சொல்லவே வேண்டியதில்லை. சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏசி பெட்டியில் போகும்போதும், பெங்களூரில் இருக்கும் சித்தி வீட்டுக்கு டிசம்பரில் போகும்போதும் இது உதவும்.

ஸ்வெட்டர் இருக்கும்போது போன்சோ ஏன்?

வெக்கையில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் கனத்த ஸ்வெட்டரைப் போட்ட சிறிது நேரத்திலேயே வியர்த்துவிடுகிறார்கள். அக்குளும் கழுத்தும் அடைபட்டால் வேர்க்குரு கிளம்பும். போன்சோவின் அடிப்பக்கம் அகலமாகத் திறந்திருப்பதால் உள்ளே சூடேறிய காற்று வெளியேறும். வெயில் வந்ததும் ஒரே இழுப்பில் கழற்றிவிடலாம். கை நீளம், தோள் அகலம் என்று அளவெடுத்து வெட்டிய உடை அன்று என்பதால், ஓர் ஆண்டில் சிறுத்துப்போகும் ஸ்வெட்டரைப் போலல்லாமல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வரும். பின்னுகிறவருக்கும் நன்மை உண்டு: கைகளைத் தனியே பின்னித் தோளில் பொருத்துகிற கடினமான வேலை இதில் கிடையாது.

எந்த நூலை வாங்குவது?

நம் கடைகளில் உல்லன் என்று சொல்லித் தருவது பெரும்பாலும் அக்ரிலிக் நூல்தான்; அதில் ஆட்டு ரோமம் சிறிதும் இல்லாமல் இருக்கலாம். அதனால் அது தாழ்ந்தது என்று கருத வேண்டாம். விலை குறைவு, அடிக்கடி துவைக்கலாம், விரைவில் காயும், பூச்சி அரிக்காது. மண்ணில் புரளுகிற பிள்ளைக்கு அது போதும் என்பதே என் கருத்து. மலைக்குளிருக்கும் சாரலுக்கும் மட்டும் கம்பளி நூல் மேலானது. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும் தொடுவதற்கு நனைந்ததுபோல் தோன்றாது. அக்ரிலிக்குக்கு அந்தக் குணம் இல்லை.

கம்பளி குத்துகிறது என்று பிள்ளைகள் முகம் சுளிப்பதற்குக் காரணம் ஒவ்வாமையைவிட இழையின் பருமன்தான். 30 மைக்ரானுக்கு மேற்பட்ட முரட்டு இழைகளின் நுனி வளையாமல் தோலைக் குத்தும். மெரினோ ஆட்டு ரோமம் அதைவிட மெல்லியதாகையால் மென்மையாக இருக்கிறது. கடையில் நூலுருண்டையைக் கையில் தொட்டுப் பார்க்காமல் கழுத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் கழுத்துக்குக் குத்தினால் பிள்ளை அதை அணியப் போவதில்லை.

வாங்கியது கம்பளியா அக்ரிலிக்கா என்று ஐயம் இருந்தால், பிள்ளைகள் அருகில் இல்லாத நேரத்தில், விரல் நீளத் துண்டை இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டுங்கள். கம்பளி தலைமுடி பொசுங்கும் நாற்றத்தோடு எரிந்து, விரலில் நொறுங்கும் கரியாகும். அக்ரிலிக் உருகிக் கரும்புகை விட்டு, ஆறியபின் கெட்டியான மணிபோல் நிற்கும்.

பருத்தி நூலில் பின்னினால் ஆகாதா?

நம் மண்ணுக்குப் பருத்தி நூல் பழகியது. 1841 இல் இடையன்குடிக்கு வந்து குடியேறிய கால்டுவெல்லின் துணைவியார் எலைசா அம்மையார், அந்தத் தேரிக்காட்டு ஊரின் பெண்களுக்குக் கற்பித்தது மெல்லிய நூலில் லேஸ் பின்னும் தொழிலைத்தான். அந்த மென்மைக்குப் பருத்தி பொருந்தும். தடித்த போன்சோவுக்குப் பொருந்தாது. தடித்த பருத்தி நூல் கனமானது. தன் கனத்தாலேயே கீழ்நோக்கி இழுபட்டு, சில மாதங்களில் கழுத்து அகன்றுவிடும். சாரலில் நனைந்தால் நீரைக் குடித்துக்கொண்டு எளிதில் உலராது. ஏசி ரயிலுக்கு மட்டும் போதும் என்றால், தடிப்பைக் குறைத்துப் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூலில் பின்னலாம்.

கடையில் தடித்த நூலே இல்லை என்கிறார்களே?

டவுன் ரத வீதிகளிலும் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்திலும் உள்ள ஃபேன்சி கடைகளிலும் தையல் பொருள் கடைகளிலும் எளிதாகக் கிடைப்பது மெல்லிய நூல்தான். அதற்காக வேலையைக் கைவிட வேண்டியதில்லை. இழைகளைச் சேர்த்துப் பிடித்து ஒரே நூலாகப் பின்னினால் தடிப்பு வந்துவிடும். குழந்தைகளின் ஸ்வெட்டருக்கு வழக்கமாக வாங்கும் மெல்லிய 4 பிளை நூல் என்றால் நான்கு இழைகள் சேர வேண்டும். அதற்கு அடுத்த தடிப்பான டபுள் நிட் என்றால் இரண்டு இழைகள் போதும். இதில் ஒரு நயமும் இருக்கிறது: நான்கில் ஒன்றை வேறு நிறமாக வைத்தால், எந்தக் கடையிலும் விற்காத கலவை நிறம் கிடைக்கும். ஊசியை நுழைக்கும்போது எல்லா இழைகளும் அகப்பட்டனவா என்று கவனிப்பதுதான் சிரமம். மாலை வெளிச்சத்தில் கருநிற நூலோடு அதைச் செய்யாதீர்கள்.

ஒரே நிறத்தில் பல உருண்டைகள் வாங்கும்போது உறையில் அச்சிட்டுள்ள சாய எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எண் மாறினால் பின்னி முடித்தபின் நடுவே கோடு விழுந்ததுபோல் தெரியும்.

பின்னல் குறிப்பில் 8 எண் ஊசி என்று எழுதியிருக்கிறது. ஆனால் பின்னல் பொருந்தவில்லையே?

இரண்டு எண் முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன, அவை ஒன்றுக்கொன்று எதிரானவை. நம்மிடம் பழக்கத்தில் உள்ள பழைய பிரிட்டிஷ் முறையில் எண் கூடக்கூட ஊசி மெலியும்: 8 எண் ஊசி 4 மி.மீ., 4 எண் ஊசி 6 மி.மீ., 0 எண் ஊசி 8 மி.மீ. அமெரிக்க முறையில் எண் கூடினால் ஊசி தடிக்கும். அங்கே 8 என்பது 5 மி.மீ. ஆகவே எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள். தடித்த நூலுக்கு 5.5 முதல் 8 மி.மீ. வரை பொருந்தும். நான் கீழே சொல்லும் கணக்குகள் 6.5 அல்லது 7 மி.மீ. ஊசியை எண்ணிச் சொன்னவை.

உள்ளங்கை வியர்க்கிறவர்கள் மூங்கில் ஊசியைத் தேர்ந்தெடுங்கள். அக்ரிலிக் நூல் வியர்த்த கையில் அலுமினிய ஊசியோடு உராய்ந்து நின்று நின்று நகரும். கண்ணிகள், அதாவது ஊசியில் விழும் நூல் வளையங்கள், சீராக வாரா.

முதலில் எந்த அளவை எடுக்க வேண்டும்?

தலையின் சுற்றளவை. பெரும்பாலோர் தோளையும் உயரத்தையும் அளந்துவிட்டுத் தொடங்குகிறார்கள், முடித்தபின் தலை நுழையவில்லை என்று வருந்துகிறார்கள். சிறு பிள்ளையின் தலை அதன் உடம்போடு ஒப்பிடப் பெரியது. 4 வயதுக்குள் தலைச்சுற்றளவு ஏறத்தாழ 50 செ.மீ. ஆகிவிடுகிறது, அதன்பின் மெதுவாகத்தான் கூடுகிறது. 2, 3 வயதில் 48 அல்லது 49 செ.மீ., 6, 7 வயதில் 51 அல்லது 52 செ.மீ. என்று கொள்ளலாம். புருவத்துக்குச் சற்று மேலாக, காதுகளுக்கு மேலே, பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி டேப்பை வைத்து அளந்துகொள்ளுங்கள். பேத்தி வெளியூரில் இருக்கிறாள் என்றால் அம்மாவிடம் போனில் கேட்டு வாங்குங்கள்; ஊகிக்காதீர்கள்.

கழுத்துத் திறப்பு தலையைவிடச் சிறுத்தால் பிள்ளை அதைப் போடும்போது அழும், பிறகு அந்த உடையைக் கண்டாலே ஓடும். பெருத்துவிட்டால் ஒரு பக்கத் தோளில் நழுவி மறுபக்கக் கையைக் கட்டிப்போடும். தடித்த நூலில் ஒவ்வொரு கண்ணியும் ஏறக்குறைய 1 செ.மீ. அளவுக்கு இடம் பிடிப்பதால், நான்கைந்து கண்ணி கூடுவதும் குறைவதும் மெல்லிய நூலில்போல மறைந்துபோகாது.

அடுத்த அளவு, கழுத்தடியிலிருந்து மணிக்கட்டு வரை அன்று, முழங்கைக்குச் சற்றுக் கீழே வரை. கை வெளியே இருந்தால்தான் பிள்ளை சாப்பிடவும் படியேறும்போது கைப்பிடியைப் பற்றவும் முடியும். பாட்டிமார் அன்பினால் நீளமாகப் பின்னிவிடுகிறார்கள். முழங்காலைத் தொடும் போன்சோ படிக்கட்டில் காலை இடறும்.

மாதிரித் துண்டு பின்னத்தான் வேண்டுமா?

வேண்டும். 20 கண்ணி ஏற்றி, 15 செ.மீ. உயரம் பின்னி, துவைத்துக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி இருக்கிறது என்று எண்ணுங்கள். இந்தப் பக்கத்தின் கணக்குகள் 10 செ.மீ.க்கு 12 கண்ணி என்பதை அடிப்படையாகக் கொண்டவை. 60 கண்ணியில் தொடங்கும் கழுத்து அந்தக் கணக்கில் 50 செ.மீ. வரும். உங்கள் கை இறுக்கமாக இருந்து 10 செ.மீ.க்கு 14 கண்ணி விழுந்தால் அதே 60 கண்ணி 43 செ.மீ. தான், தலை நுழையாது. தளர்ந்து 10 கண்ணி விழுந்தால் 60 செ.மீ. ஆகித் தோளை விட்டு இறங்கும். கண்ணி கூடுதலாக விழுந்தால் ஊசியைத் தடித்ததாகவும், குறைவாக விழுந்தால் மெல்லியதாகவும் மாற்றிப் பாருங்கள். துவைக்காமல் அளந்த மாதிரியை நம்ப வேண்டாம்.

புதிதாகக் கற்றவர் எந்த முறையில் தொடங்கலாம்?

இரண்டு நீள்சதுரத் துண்டுகளைப் பின்னி இணைக்கும் முறையில். நிட் என்னும் நேர்ப்பின்னல் ஒன்று தெரிந்தால் போதும். இரு புறமும் எல்லா வரிசைகளிலும் அதையே பின்னுவதால் ஓரம் சுருளாது.

4, 5 வயதுப் பிள்ளைக்கு 34 கண்ணி ஏற்றுங்கள்; அகலம் 28 செ.மீ. வரும். 54 செ.மீ. நீளம் ஆகும்வரை, ஏறத்தாழ 130 வரிசைகள், பின்னித் தளர்வாக முடியுங்கள். இதேபோல இன்னொன்று. முதல் துண்டின் குறுகிய ஓரத்தை இரண்டாம் துண்டின் நீண்ட ஓரத்தின் ஒரு முனையில் வைத்துத் தைக்க வேண்டும். பிறகு இரண்டாம் துண்டின் குறுகிய ஓரத்தை முதல் துண்டின் நீண்ட ஓரத்தில் அதேபோல வைத்துத் தைக்க வேண்டும். நீண்ட ஓரம் ஒவ்வொன்றிலும் 28 செ.மீ. தையலுக்குப் போக மீதி 26 செ.மீ. நிற்கும், இரண்டும் சேர்ந்து 52 செ.மீ. கழுத்தாகும். நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்து இரண்டால் பெருக்கினால் கழுத்தின் சுற்றளவு என்ற இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் எந்த வயதுக்கும் நீங்களே அளவு போடலாம். முன்னும் பின்னும் விழும் கூர்நுனி கழுத்திலிருந்து 40 செ.மீ. அளவுக்கு இறங்கும், தோள்பக்கம் 28 செ.மீ. இருக்கும்.

தைப்பதற்குத் தடித்த நூலையே எடுத்தால் தையல் கயிறுபோலத் தடித்துத் தோளில் உறுத்தும். இழை சேர்த்துப் பின்னியிருந்தால் ஓர் இழையை மட்டும் எடுத்துத் தைத்துவிடுங்கள்.

கழுத்திலிருந்து கீழ்நோக்கி வட்டமாகப் பின்னுவது எப்படி?

சற்றுப் பழகியவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். தையலே இல்லை, பாதியில் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்து நீளத்தை முடிவுசெய்யலாம். இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்துத் தளர்வாக 60 கண்ணி ஏற்றி, முறுக்கு விழாமல் வட்டமாக இணையுங்கள். இரண்டு நிட், இரண்டு பர்ல் (எதிர்ப்பின்னல்) என்று ஆறு சுற்றுகள் பின்னினால் இழுத்தால் விரிந்து விட்டால் சேர்ந்துகொள்ளும் கழுத்து அமையும். அதன்பின் முன்நடுவில் ஓர் அடையாளம், பின்நடுவில் ஓர் அடையாளம் மாட்டி, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் ஒவ்வோர் அடையாளத்தின் இரு பக்கமும் ஒரு கண்ணி கூட்டுங்கள். இரண்டு சுற்றுக்கு 4 கண்ணி என 52 சுற்றுகளின் முடிவில் 164 கண்ணிகள் இருக்கும். பக்கவாட்டு நீளம் 32 செ.மீ. அளவில் வரும், முன்நுனியும் பின்நுனியும் அதைவிட 6, 7 செ.மீ. கூடுதலாக இறங்கும். ஓரம் சுருளாதிருக்கக் கடைசி நான்கு சுற்றுகளை ஒன்று நிட், ஒன்று பர்ல் என்று மாற்றிப் பின்னி முடியுங்கள்.

இரு ஊசிமுனைகளை வளையும் இழை இணைக்கிற வட்ட ஊசியின் நீளத்தில் பலர் தடுமாறுகிறார்கள். 50 செ.மீ. கழுத்துக்கு 40 செ.மீ. வட்ட ஊசிதான் பொருந்தும், 60 செ.மீ. ஊசியில் கண்ணிகள் எட்டாமல் இழுபடும். கண்ணிகள் பெருகியபின் 80 செ.மீ. ஊசிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கத்திரி வெயில் நாளில் வட்டப் பின்னலை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவது சூடு தாங்காத வேலை. அந்த மாதத்தில் நீள்சதுரத் துண்டு பின்னுவதே உடம்புக்கு நல்லது.

நூல் எவ்வளவு தேவைப்படும்?

நீள்சதுர முறைக்கு 200 முதல் 250 கிராம், வட்ட முறைக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. 300 கிராம் வாங்கிவிடுங்கள். மிச்சத்தைப் பத்திரப்படுத்தினால் பின்னால் பயன்படும்.

தொப்பி, கயிறு, குஞ்சம், பொத்தான் வைக்கலாமா?

தொப்பி வைக்கலாம். கழுத்தில் கயிறு வைக்கக் கூடாது. நுனியில் உல்லன் பந்து கட்டிய கயிறானாலும் கூடாது. ஐரோப்பியத் தரவிதியான ஈஎன் 14682, பிறந்தது முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகளின் உடையில் தொப்பியிலும் கழுத்துப் பகுதியிலும் இழுகயிறு இருக்கவே கூடாது என்கிறது. சறுக்குமரத்திலும் ஊஞ்சல் சங்கிலியிலும் அந்தக் கயிறு மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கும் என்பதே காரணம். அழகுக்காக அந்த ஆபத்தை ஏற்பதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. 3 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பொத்தானும் மணியும் வேண்டாம். பிய்த்து வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். கீழோரத்தில் குஞ்சம் வைக்க ஆசையாக இருந்தால் விரல் நீளத்துக்கு மேல் விடாமல், ஒவ்வொன்றையும் இறுக முடிச்சிடுங்கள்.

வண்டியில் போகும்போதும் தூங்கும்போதும் போட்டுவிடலாமா?

இரு இடத்திலும் கூடாது. பைக்கின் பின்னால் உட்காரும் பிள்ளையின் போன்சோ காற்றில் பறந்து சக்கரத்தில் சிக்கும். சேலை முந்தானைக்கும் துப்பட்டாவுக்கும் நாம் அஞ்சுவது இதற்குத்தானே. 4 வயதுக்குட்பட்ட பிள்ளையை இருசக்கர வண்டியில் ஏற்றினால் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும் என்பது விதி. தொங்கும் தடித்த துணி அந்தப் பட்டையை உடம்போடு பொருந்த விடாது. பாபநாசத்துக்கு வண்டியில் போகிறவர்கள் பையில் வைத்துக்கொண்டு இறங்கியபின் போட்டுவிடுங்கள். காரிலும் பெல்ட்டை உடம்போடு மாட்டிவிட்டு அதன்மேல் போர்த்தலாம்.

ரயில் பெர்த்தில் பிள்ளை தூங்கியதும் கழற்றிவிட்டுப் போர்வை போர்த்துங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குப் போன்சோவே வேண்டாம். தூக்கத்தில் மேலேறி மூக்கையும் வாயையும் மூடக்கூடும்.

தீபத்துக்கும் பட்டாசுக்கும் அருகில்?

அக்ரிலிக் போன்சோவோடு பிள்ளையை விளக்கின் அருகிலோ பட்டாசின் அருகிலோ விடவே கூடாது. அது உருகித் தோலில் ஒட்டும். கம்பளி எளிதில் தீப்பற்றாது, தீயை விலக்கினால் தானே அணையும் என்பது உண்மை. ஆயினும் அகலமாகத் தொங்குகிற உடை எதுவானாலும் தீபாவளியன்றும் கார்த்திகைத் தீபத்தன்றும் கழற்றி வைப்பதே முறை. ஐப்பசி, கார்த்திகை மழையின் குளிர்ச்சிக்காகத்தான் தாய்மார் போட்டுவிடுகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

குரோஷா என்னும் கொக்கி ஊசியில் போடலாமா?

போடலாம். துணி சற்று விறைப்பாக வரும், நூலும் கூடுதலாகச் செல்லும். பிள்ளையின் உடம்போடு குழைந்து விழுவது நிட்டிங்கில்தான்.

எப்படித் துவைப்பது?

கம்பளியானால் சூடில்லாத நீரில், மென்மையான ஷாம்பு அல்லது கம்பளிக்கென்று விற்கும் திரவத்தில் சிறிது நேரம் ஊறவைத்து, கசக்காமல் அமுக்கி எடுங்கள். சூடும் உராய்வும் காரமும் சேர்ந்தால் ரோமத்தின் செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, போன்சோ பொம்மை அளவுக்குச் சுருங்கிக் கட்டியாகிவிடும். அதை மீட்க வழியில்லை. துவைக்கும் கல்லையும் பார் சோப்பையும் மறந்துவிடுங்கள். அக்ரிலிக்கை மெஷினில் மெதுவான சுற்றில் போடலாம், ஆனால் இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைக்காதீர்கள். இழை தளர்ந்து துவண்டுவிடும்.

எந்த நூலானாலும் கொடியில் தொங்கவிடக் கூடாது. நீரின் கனம் கீழே இழுத்து நீளத்தைக் கூட்டிவிடும். துண்டில் சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுத்தபின், நிழலில் ஒரு பத்தமடைக் கோரைப்பாயை விரித்து அதன்மேல் பரப்புங்கள். கோரைக்கு இடையே காற்றுப் புகுவதால் அடிப்பக்கமும் காயும்.

ஆண்டின் பெரும்பகுதி பீரோவில்தானே கிடக்கும்?

கிடக்கும். அரிப்பூச்சி கம்பளியைத்தான் தின்னும். அதிலும் வியர்வையும் பால்கறையும் படிந்த இடத்தை நாடும். துவைத்து, நன்றாகக் காயவைத்து, இறுக மூடும் பைக்குள் மடித்து வைத்தால் போதும். பாச்சை உருண்டையைப் பிள்ளைகளின் உடையோடு வைக்காதீர்கள். அதிலுள்ள நாப்தலின், ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரிந்திருப்பதில்லை. ஹேங்கரில் மாட்டுவதும் வேண்டாம், தோளில் முட்டு விழும்.

பிள்ளை வளர்ந்துவிட்டால்?

கழுத்திலிருந்து பின்னியதானால் கீழோர முடிச்சை அவிழ்த்து, கடைசிச் சுற்றுகளைப் பிரித்து, கண்ணிகளை மீண்டும் ஊசியில் ஏற்றி, எடுத்துவைத்த நூலால் எட்டோ பத்தோ சுற்றுகள் நீட்டலாம். பழைய பகுதி சற்று நிறம் மங்கியிருக்கும் என்பதால், வேறு நிறத்தில் பட்டையாகச் சேர்ப்பது நன்றாக அமையும். நீள்சதுர முறையில் பின்னியதற்கு வெளியோரத்தில் கண்ணிகளை எடுத்துச் சுற்றிலும் ஓர் ஓரப்பட்டை பின்னலாம். கழுத்து மட்டும் இறுகியிருந்தால், அக்கழுத்தின் தையல் ஒன்றை இரண்டு செ.மீ. பிரித்து மீண்டும் முடிச்சிட்டாலே தலை தாராளமாக நுழையும்.